பென் டூலுக்கு மேலே இருக்கும் பட்டை: ஓர் அழைப்பிதழ் வேலையின் முழு ஆய்வு

வேலை இதுதான்: 5×7 அங்குலத்தில் ஒரு கும்பாபிஷேக அழைப்பிதழ் அட்டை. அதே வடிவமைப்பு 5×7 அடி ஃபிளெக்ஸாகவும் வேண்டும், வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட 1080×1512 பிக்சல் படமாகவும் வேண்டும். உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. நீலப் பட்டுத் துணிக்கு முன் தொங்கவிட்டு எடுத்த பித்தளைத் தூக்கு விளக்கு, தமிழ்த் தலைப்பு, சுற்றிலும் ஒரு கோடு, அதை ஒட்டிப் புள்ளி வரிசை, மூலைகளில் இழைக்கோலம். எல்லாம் ஃபோட்டோஷாப்பில்.

முதல் கோப்பை அட்டையில் அச்சடித்துப் பார்த்தபோது குறை எதுவும் கண்ணில் படவில்லை. ஃபிளெக்ஸில்தான் எல்லாம் வெளியே வந்தது. சங்கிலி வளையங்களின் ஓட்டைகளில் நீலப் பட்டு அப்படியே நின்றது. விளக்கின் விளிம்பில் நீலக் கீற்று ஓடியது. கோலத்தின் வளைவுகள் படிக்கட்டாக உடைந்தன. ஃபிளெக்ஸ் கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால், தலைப்பைத் திருத்தத் தொட்டதும் வேறு எழுத்துரு ஏறிவிட்டது. வாட்ஸ்அப் படத்தில் கேடு வேறு வகை: மெல்லிய ஓரக்கோடு கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்துக் கிடந்தது.

ஏன் அட்டையில் தெரியாதது ஃபிளெக்ஸில் தெரிந்தது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) அட்டை 1500×2100 பிக்சல். அதே 1500 பிக்சலை 60 அங்குல அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 25 பிக்சல்தான் வரும். அதாவது ஒரு பிக்சல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அட்டையில் கண்ணுக்கே தெரியாத ஒற்றைப் பிக்சல் கீற்று, ஃபிளெக்ஸில் அரிசி மணியின் தடிமனுக்கு நிற்கும்.

இத்தனைக்கும் விளக்கைச் சுற்றி வெட்டியது புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு வரையும் பென் டூலால்தான், ஒரே நிறப் பகுதியைத் தானாகத் தேரும் மேஜிக் வாண்டால் இல்லை. வரைந்த கை நன்றாகவே வரைந்திருக்கிறது. கெட்டது எல்லாம் திரையின் மேல்விளிம்பில் இருக்கும் ஆப்ஷன்ஸ் பாரில். அந்தப் பட்டையில் இருப்பதைப் பார்க்காமல் பாத் (பென் டூல் போடும் கோடு) வரைவது, அளவுகோலில் அங்குலமா சென்டிமீட்டரா என்று பார்க்காமல் அளப்பதற்குச் சமம்.

பட்டையின் இடது முனை: ஷேப், பாத், பிக்சல்ஸ்

பென் டூலையோ ரெக்டாங்கிள் டூலையோ எடுத்ததும் இடப்பக்கம் ஒரு சிறு பட்டியல் இருக்கும். ஷேப் என்றால் நிறமும் கோடும் கொண்ட தனி வெக்டர் லேயர், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வடிவ அடுக்கு, பிறக்கும். பாத் என்றால் பாத்ஸ் பேனலில் வெறும் கோடு மட்டும் உருவாகும். படத்தில் எதுவும் ஏறாது. பிக்சல்ஸ் என்றால் வரைந்த உடனே அது பெயிண்ட்தான், பிறகு வெக்டராக மாற்ற வழியில்லை. பிக்சல்ஸ் பென் டூலுக்குக் கிடையாது, ரெக்டாங்கிள், எலிப்ஸ் போன்ற வடிவக் கருவிகளுக்கு மட்டும் உண்டு.

முதல் கோப்பில் ஓரக்கோடு பிக்சல்ஸ் முறையில் போடப்பட்டிருந்தது. லேயர்ஸ் பேனலில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: வெக்டர் லேயரின் சிறுபடத்தின் மூலையில் சின்ன வடிவக்குறி இருக்கும், பிக்சல் லேயரில் அது இருக்காது. கருவி கடைசியாக வைத்த முறையை நினைவில் வைத்துக்கொள்ளும். நேற்று யாரோ பிக்சல்ஸில் ஒரு கட்டம் போட்டிருந்தால் இன்றைக்கும் அதே முறைதான் காத்திருக்கும். பலர் உட்காரும் கணினியில், வேலையைத் தொடங்கும் முன் பட்டையின் இடது முனையில் உள்ள கருவிப் படத்தின் மேல் வலது கிளிக் செய்து ரீசெட் டூல் கொடுப்பது நல்ல பழக்கம்.

படத்தை வெட்டப்போகிறவர் ஷேப் முறையில் மாட்டிக்கொண்டால் வேறொரு தொல்லை. இரண்டு மூன்று புள்ளி வைத்ததுமே உள்ளே நிறம் ஏறி, வெட்ட வேண்டிய விளிம்பையே மூடிவிடும். பென் டூலே சரியில்லை என்று அதோடு விட்டவர்கள் நிறைய. பாத் என்று மாற்றினால் தீர்ந்தது.

குறுகிய திரையில் இந்தப் பட்டையின் வலக்கோடி பார்வைக்கே வராமல் போகலாம். பல் சக்கரப் பொத்தானும் அலைன் எட்ஜஸும் அங்கேதான் இருக்கின்றன. பிரிஃபரன்சஸில் வொர்க்ஸ்பேஸ் பகுதிக்குப் போய் எனேபிள் நேரோ ஆப்ஷன்ஸ் பார் என்பதைத் தேர்ந்து, மென்பொருளை மூடித் திறந்தால் பட்டை சுருங்கி எல்லாப் பொத்தான்களும் தெரியும். இது தெரியாமல் அந்த வசதிகள் தங்கள் பதிப்பில் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு.

சங்கிலியின் ஓட்டைகள்

இந்த வேலையில் நேரம் தின்றதும், கற்றுக்கொள்ள அதிகம் இருப்பதும் சங்கிலிதான். படத்தில் தெரிந்தவை ஒன்பது வளையங்கள், ஒவ்வொன்றிலும் பட்டு எட்டிப் பார்க்கும் ஓர் ஓட்டை.

முதலில் கண்ணுக்கு வசதி. பாத் கோடு இயல்பாக மெல்லிய நீலம், பின்னால் இருப்பதும் நீலப் பட்டு. வரைந்தது எங்கே போனது என்றே தெரியாது. பல் சக்கரத்தைச் சொடுக்கினால் கோட்டின் தடிமனையும் நிறத்தையும் மாற்றலாம். தடிமன் 2 பிக்சல், நிறம் மஜெண்டா என்று வைத்தால் பித்தளை மேலும் தெரியும், பட்டின் மேலும் தெரியும். இது திரைக்கு மட்டுமான கோடு, அச்சில் வராது. அதே இடத்தில் ரப்பர் பேண்ட் என்று ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டுவிட்டால் அடுத்த புள்ளியை வைப்பதற்கு முன்பே கோடு எப்படி வளையப்போகிறது என்று சுட்டியின் பின்னாலேயே காட்டும். புதிதாகப் பழகுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி அந்தப் பட்டையில் இல்லை.

கோடு திடீரென்று மறைந்துவிட்டால் பதற வேண்டாம். கன்ட்ரோல்+ஹெச் தவறிப் பட்டிருக்கும், மறுபடி அழுத்தினால் வந்துவிடும்.

ஆட்டோ ஆட்/டிலீட் என்ற தேர்வுப்பெட்டியைச் சங்கிலிக்கு வரும்போது எடுத்துவிடுவது நல்லது. அது இருக்கும்வரை, ஏற்கெனவே வரைந்து தேர்வில் உள்ள கோட்டின் மேல் கிளிக் பட்டால் அங்கே கூடுதல் புள்ளி முளைக்கும். புள்ளியின் மேல் பட்டால் அந்தப் புள்ளி அழியும். வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இடத்தில் புதிய ஓட்டையைத் தொடங்கப் போய்ப் பழைய வளைவைக் கோணலாக்கிவிடுவது இதனால்தான்.

வரையும் முறை: விளக்கின் மூலப்படத்தை, அதாவது 4000×6000 பிக்சல் கோப்பை, 200 விழுக்காடு பெரிதாக்கி வைத்து வெளிவிளிம்பை முதலில் ஒரு சுற்று முடிக்க வேண்டும். உலோக விளிம்பும் பட்டும் கலக்கும் இடம் இரண்டு மூன்று பிக்சல் அகலம் இருக்கும். பாத் அந்தக் கலப்பின் நடுவே போகக்கூடாது, உலோகத்தின் பக்கம் ஒன்றிரண்டு பிக்சல் உள்வாங்கிப் போக வேண்டும். முதல் கோப்பின் நீலக் கீற்றுக்குக் காரணம் கோடு சரியாக விளிம்பில் போனதுதான். ஓட்டைகளுக்கு நான்கு புள்ளி போதும்: மேல், கீழ், இடம், வலம். புள்ளி கூடக்கூட வளைவு முண்டும் முடிச்சுமாகும். நேர்த்தியான வட்டத்துக்கு, புள்ளியிலிருந்து வளைவுக்காக இழுக்கும் கைப்பிடியின் நீளம் ஆரத்தில் சற்றேறக்குறைய 0.55 பங்கு. அதை மனதில் வைத்து இழுத்தால் கண்ணே பழகிவிடும். வரையும்போதே கன்ட்ரோலைப் பிடித்தால் வெள்ளை அம்பு வரும், புள்ளியை நகர்த்தலாம். ஆல்ட்டைப் பிடித்தால் கைப்பிடியின் ஒரு பக்கத்தை மட்டும் உடைக்கலாம். விளக்கின் உருண்டையான அகலுக்குக் கர்வேச்சர் பென் டூல் கைகொடுக்கும், கைப்பிடி இழுக்கும் வேலையே இல்லை. கூர்முனை தேவைப்படும் இடத்தில் புள்ளியை இருமுறை கிளிக் செய்ய வேண்டும்.

அடுத்ததுதான் முதல் கோப்பில் தவறு நடந்த இடம். ஒன்பது ஓட்டைகளும் அழகாகவே வரையப்பட்டிருந்தன, ஆனால் ஒன்றுகூடத் துளையாகவில்லை. பட்டையில் பாத் ஆபரேஷன்ஸ் என்று ஒன்றன்மேல் ஒன்றான சதுரங்களாய் ஒரு பொத்தான் உண்டு. அதற்குள் கம்பைன் ஷேப்ஸ், சப்ட்ராக்ட் ஃபிரண்ட் ஷேப், இன்டர்செக்ட் ஷேப் ஏரியாஸ், எக்ஸ்க்ளூட் ஓவர்லாப்பிங் ஷேப்ஸ் என்று நான்கு முறைகள். ஓட்டைகள் எல்லாம் கம்பைனில் வரையப்பட்டதால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் பரப்போடு இன்னொரு பரப்பைக் கூட்டியதாகத்தான் மென்பொருள் எடுத்துக்கொண்டது.

இதற்காக மறுபடி வரைய வேண்டியதில்லை. இந்த முறை ஒவ்வொரு துண்டுப் பாத்தோடும் ஒட்டியிருக்கும் குணம். கருப்பு அம்பை, அதாவது பாத் செலக்‌ஷன் டூலை எடுத்து, ஷிஃப்ட் பிடித்து ஒன்பது ஓட்டைகளையும் தேர்ந்து, அதே பொத்தானில் சப்ட்ராக்ட் ஃபிரண்ட் ஷேப் கொடுத்தால் ஒன்பதும் ஒரே நொடியில் திறக்கும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கழிப்பது தனக்குக் கீழே அடுக்கில் இருக்கும் துண்டிலிருந்துதான். ஓட்டையை முதலில் வரைந்து வெளிவிளிம்பைப் பிறகு வரைந்திருந்தால், வரிசை தலைகீழாகிவிடும். அடுக்கின் அடியில் இருக்கும் முதல் துண்டே சப்ட்ராக்டாக இருந்தால், எதிலிருந்து கழிப்பது என்று கேள்வி வந்து, முழுப் படப்பரப்பிலிருந்தும் அது கழிக்கும். விளக்கு மறைந்து பட்டு மட்டும் மிஞ்சும். ‘பாத் தலைகீழாக வெட்டுகிறது’ என்ற புலம்பலின் வேர் அநேகமாக இதுவே. முந்தைய வேலையில் வைத்த சப்ட்ராக்ட் மாறாமல் நின்றிருந்தாலும் இதே விளைவுதான், கன்ட்ரோல்+என்டர் அழுத்தித் தேர்வாக்கினால் தேர்வும் தலைகீழாகத்தான் வரும். வெளிவிளிம்பைக் கருப்பு அம்பால் தேர்ந்து கம்பைன் கொடுத்து, பக்கத்தில் உள்ள பாத் அரேஞ்ச்மென்ட் பொத்தானில் அதை எல்லாவற்றுக்கும் கீழே அனுப்ப வேண்டும்.

அதே பட்டியலின் அடியில் மெர்ஜ் ஷேப் காம்பொனன்ட்ஸ் இருக்கும். எல்லாத் துண்டுகளையும் கணக்கிட்டு ஒரே இறுதி வடிவாக்குவது அது. அதன்பின் முறைகளை மாற்ற முடியாது. வாடிக்கையாளர் ஒப்புதல் வரும்வரை அதைத் தொடாமல் இருப்பதே சரி.

மேஜிக் வாண்டால் தேர்ந்து, அதை மேக் வொர்க் பாத் மூலம் பாத்தாக்குவது குறுக்குவழி. டாலரன்ஸ் 0.5 முதல் 10 பிக்சல் வரை வைக்கலாம். 0.5 என்றால் தேர்வின் ஒவ்வொரு நெளிவுக்கும் ஒரு புள்ளி விழும். கூட்டினால் வளையமே நசுங்கும். பித்தளை போலப் பளபளப்பில் பட்டின் நீலத்தையே பிரதிபலிக்கும் பொருளுக்கு இந்த வழி எந்த எண்ணிலும் சரிவராது.

வொர்க் பாத், மாஸ்க், இறகு

பாத்ஸ் பேனலில் வொர்க் பாத் என்று சாய்வெழுத்தில் இருப்பது தற்காலிகம். அது தேர்வில் இல்லாதபோது புதிய பாத் ஒன்றைத் தொடங்கினால் பழையது எச்சரிக்கை இல்லாமல் போய்விடும். ஒரு மணி நேரச் சங்கிலி வேலை இப்படி அழிந்தால் அது தாங்கக்கூடிய இழப்பல்ல. முதல் புள்ளி வைத்ததுமே பெயரின் மேல் இருமுறை கிளிக் செய்து ‘விளக்கு’ என்று பெயர் கொடுத்துவிட வேண்டும்.

வெட்டுவதற்குக் கன்ட்ரோல்+என்டர், பிறகு டிலீட் என்பதுதான் பெரும்பாலான கைகள் போகும் வழி. அப்படிச் செய்தால் வெக்டர் அங்கேயே செத்துவிடுகிறது. மாறாக, பாத்தைத் தேர்ந்து லேயர் மெனுவில் வெக்டர் மாஸ்க், கரண்ட் பாத் கொடுத்தால் பாத் பாத்தாகவே நின்று, தனக்கு வெளியே உள்ள படத்தை அழிக்காமல் மறைக்கும். எப்போது வேண்டுமானாலும் வெள்ளை அம்பால் ஒரு புள்ளியை நகர்த்தலாம். லேயர்ஸ் பேனலின் அடியில் உள்ள மாஸ்க் பொத்தானைக் கன்ட்ரோல் பிடித்துச் சொடுக்கினாலும் இதுவே நடக்கும்.

வெக்டர் மாஸ்க்கின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும், புகைப்படத்தில் எந்த விளிம்பும் அப்படி இருப்பதில்லை. அதனால்தான் விளக்கு ‘வெட்டி ஒட்டியது’ போலத் தெரிகிறது. மாஸ்க்கைத் தேர்ந்து பிராப்பர்ட்டீஸ் பேனலைத் திறந்தால் ஃபெதர், அதாவது விளிம்பை மென்மையாக்கும் இறகு, என்ற அளவுகோல் இருக்கும். வெக்டர் மாஸ்க்குக்கும் இறகு வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியவே தெரியாது. 0.5 முதல் 0.8 பிக்சல் போதும். பாத் மாறாது, எண்ணை எப்போதும் திருத்தலாம். தேர்வாக்கும்போது ஃபெதர் கொடுத்தால் அது அந்தத் தடவையோடு முடிந்த கதை.

பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குப் படத்தை அனுப்பும் அச்சகங்கள் மாஸ்க்குக்குப் பதில் கிளிப்பிங் பாத் (படக் கோப்போடு சேர்ந்து போகும் வெட்டுக்கோடு) கேட்கும். பெயரிட்டுச் சேமித்த பாத்துக்குப் பாத்ஸ் பேனல் மெனுவில் அந்தத் தேர்வு உண்டு. அதில் ஃப்ளாட்னெஸ் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அச்சுக் கருவியின் இயல்பு மதிப்பு எடுக்கப்படும். நிரப்பத்தான் வேண்டும் என்றால் 1200 முதல் 2400 டிபிஐ கருவிக்கு 8 முதல் 10, 300 முதல் 600 டிபிஐ கருவிக்கு 1 முதல் 3. எண் கூடினால் வளைவு நேர்த்துண்டுகளாக உடையும், சங்கிலி வளையம் அறுகோணமாகத் தெரியத் தொடங்கும்.

ஓரக்கோடு, புள்ளி வரிசை, கோலம்

ஓரக்கோட்டை ஷேப் முறையில் மறுபடி போட்டபோது ஸ்ட்ரோக் 4 பிக்சல். பட்டையில் ஸ்ட்ரோக் வகையைச் சொடுக்கினால் அலைன்மென்ட் வரும்: உள்ளே, நடுவே, வெளியே. அட்டையின் விளிம்பை ஒட்டிய சட்டத்துக்கு உள்ளே என்பதுதான் பொருந்தும். மற்ற இரண்டிலும் கோட்டின் பாதியோ முழுவதுமோ தாளுக்கு வெளியே போய்விடும்.

புள்ளி வரிசைக்கு முதல் கோப்பில் நூற்றுக்கணக்கான வட்டங்களை நகலெடுத்து அடுக்கியிருந்தார்கள். அதற்குத் தேவையே இல்லை. அதே இடத்தில் மோர் ஆப்ஷன்ஸ் திறந்து, டேஷ் 0, கேப் 3, கோட்டு முனை ரவுண்டு என்று வைத்தால் கோடு முழுவதும் வட்டப் புள்ளிகளாக மாறும். நீளம் இல்லாத டேஷுக்கு இரு பக்கமும் உருண்டை முனை சேர்வதால் அது முழு வட்டமாகிறது. இந்த எண்கள் பிக்சல் அல்ல, கோட்டுத் தடிமனின் மடங்கு. ஆகவே 10 பிக்சல் கோட்டில் புள்ளி 10 பிக்சல், ஒரு புள்ளியின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 30 பிக்சல். தடிமனை மாற்றினால் இடைவெளியும் தானே கூடவே மாறும்.

மூலைக் கோலத்தில் இழை தொடங்கும் இடமும் முடியும் இடமும் மெலிந்து, நடுவே தடித்தால்தான் கையால் போட்டதுபோல் இருக்கும். இதற்கு பாத்ஸ் பேனலின் ஸ்ட்ரோக் பாத். முதலில் பிரஷ்ஷை எடுத்து, ஷேப் டைனமிக்ஸில் அளவுக்கான கட்டுப்பாட்டைப் பென் பிரஷர் என்று வைக்க வேண்டும். பிறகு ஸ்ட்ரோக் பாத் கட்டத்தில் சிமுலேட் பிரஷர் தேர்வு. முதல் படியை விட்டால் இரண்டாவது எந்த மாற்றமும் காட்டாது, அந்தப் பெட்டியால் பயனில்லை என்று மூடிவிடுவது அதனால்தான். இதன் விளைவு பிக்சல். ஆகவே கோலத்தின் பாத்தைச் சேமித்து வைத்து, அட்டைக்கு ஒருமுறை, ஃபிளெக்ஸ் அளவில் மறுபடி ஒருமுறை ஸ்ட்ரோக் கொடுக்க வேண்டும்.

அட்டையிலிருந்து ஃபிளெக்ஸுக்கு

ஃபிளெக்ஸ் கோப்பு 72 பிபிஐயில் 4320×6048 பிக்சல். அட்டையின் பிஎஸ்டியை (ஃபோட்டோஷாப்பின் சொந்தக் கோப்பு) அப்படியே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக, அதாவது கோப்புக்குள் வைத்த கோப்பாக, பிளேஸ் செய்து இழுக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். உள்ளே இருப்பவை வெக்டர்தானே என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை இங்கே செல்லாது. பிஎஸ்டி ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் தன் சொந்த 1500×2100 பிக்சலில் வரைந்து முடித்த படத்தைத்தான் பெரிதாக்கித் தரும். உள்ளே உள்ள கோடுகளும் மங்கும். ஷேப் லேயர்களை ஒரு குரூப்பாக்கி நேரே புதிய கோப்புக்கு இழுத்துப் போட்டு, கன்ட்ரோல்+டி அழுத்தி 288 விழுக்காடு வைத்தால் கோடுகள் கூர்மையாகவே நிற்கும். விளக்கு மட்டும் மூலப்படத்திலேயே மாஸ்க் போட்டு, அந்த 4000×6000 கோப்பையே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைத்தால் அதற்கும் பிக்சல் பஞ்சம் வராது.

கன்ட்ரோல்+டி வடிவத்தைப் பெரிதாக்கும், ஸ்ட்ரோக்கின் தடிமனைப் பெரிதாக்காது. 4 பிக்சல் கோடு 4 பிக்சலாகவே நின்றால் ஃபிளெக்ஸில் 1.4 மில்லிமீட்டர்தான், வடிவமைப்பின் விகிதப்படி அது 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். 4 × 2.88 = 11.52 என்று கையால் தட்ட வேண்டும். புள்ளி வரிசைக்கு 28.8.

தலைப்பு

தமிழில் தட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறினால் பாராகிராஃப் பேனல் மெனுவில் வேர்ல்டு ரெடி கம்போசர் (இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் முறை) தேர்வில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுத்து சரியான பிறகு டைப் லேயரை நகலெடுத்து ஒன்றை மறைத்துவிட்டு, மற்றதற்கு டைப் மெனுவில் கன்வர்ட் டு ஷேப். கோரல்ட்ரா மென்பொருளில் எழுத்தைக் கர்வ் ஆக்குவதற்கு இணையானது இது; எந்தக் கடைக் கணினியிலும் எழுத்து மாறாது. ஃபாக்ஸ் போல்டு (மென்பொருளே செயற்கையாகத் தடிக்க வைத்த எழுத்து) போட்டிருந்தால் கன்வர்ட் ஆகாமல் மறுக்கும். கேரக்டர் பேனலில் அதை எடுத்துவிட்டு உண்மையான போல்டு எழுத்துருவை வைக்க வேண்டும். எழுத்துப் பிழை திருத்த மறைத்து வைத்த நகல்தான் கதி, அதனால் அதை அழிக்கக்கூடாது.

சாம்பல் பூத்த கோடு

வாட்ஸ்அப் படத்துக்குத் தனியே ஷேப்பாகப் போட்ட 1 பிக்சல் கோடு நடு அலைன்மென்டில், பிக்சல் எல்லையின் மேல் உட்கார்ந்திருந்தது. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஆக இரண்டு வரிசையிலும் அரைக்கறுப்பு. ஆப்ஷன்ஸ் பாரின் வலக்கோடியில் அலைன் எட்ஜஸ் போட்டதும் ஒரே வரிசையில் முழுக்கறுப்பாக நின்றது. பிரிஃபரன்சஸின் டூல்ஸ் பகுதியில் ஸ்நாப் வெக்டர் டூல்ஸ் அண்ட் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் டு பிக்சல் கிரிட் என்றும் ஒன்று உண்டு, இது நகர்த்தும்போதே முழுப் பிக்சலுக்கு இழுத்துவிடும். சட்டம், கட்டம் இவற்றுக்கு அது வரம். ஷேப்பாக்கிய தமிழ் எழுத்தின் புள்ளிகளைத் திருத்தும்போது மட்டும் அதை எடுத்துவிட வேண்டும். ‘ழ’வின் வால், ‘ஞ’வின் சுழி இவையெல்லாம் முழுப் பிக்சலுக்குத் தாவினால் சிறிய அளவில் முண்டு விழும்.

கடைசியாக அனுப்பியவை மூன்று. அட்டைக்கு, ஷேப்களும் எழுத்தும் வெக்டராகவே இருக்கும் ஃபோட்டோஷாப் பிடிஎஃப். ஃபிளெக்ஸுக்கு, ஒரு நகலை ஃபிளாட்டன் செய்து 4320×6048இல் டிஃப். வாட்ஸ்அப்புக்கு 1080×1512 ஜேபெக். லேயர்கள் உள்ள பிஎஸ்டி வடிவமைத்த இடத்தை விட்டு வெளியே போகவில்லை.